சூசைநாதன் எடுத்த பெரட்டு

சூசைநாதன் இறந்த செய்தி எனக்குச் சிங்களத்தில் வந்தது. கேகாலையில் நான் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தில் காலைத் தேநீர் நேரம். முன்பு நாங்கள் இருவரும் இரத்தினபுரியில் வேலை செய்த திட்டத்தின் பொறுப்பாளர் கைபேசிக்கு இரண்டு வரி அனுப்பியிருந்தார். ‘நம்முடைய சூசை போய்விட்டான், எலிக்காய்ச்சல். நாளை றக்வானையில் அடக்கம்.’ அந்த ‘நம்முடைய’ என்ற சொல்லைத் தாண்டிப் போகச் சற்று நேரம் பிடித்தது. சூசைநாதனை வேலையிலிருந்து அனுப்பிய கடிதத்தில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான்.

அடக்கத்துக்குப் போனேன். காய்ச்சலோடு நான்கு நாள் கடையைத் திறந்து வைத்திருந்தாராம். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகங்கள் நின்றுவிட்டிருந்தன. வயது நாற்பத்து நான்கு. எல்லாரும் கலைந்த பிறகு அவருடைய மனைவி ரீட்டா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மிஸ், முப்பத்தொண்ணாம் நாளுக்குக் கோயில் ஆளுங்க சின்னதா ஒரு பொஸ்தகம் அடிக்கிறாங்க. நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்க. ஏதோ தப்பு பண்ணிதான் அப்பாவுக்கு அந்த வேல போச்சுன்னு புள்ளைக்கு நெனப்பு. அவ வாசிக்க நல்லதா நாலு வார்த்தை இருக்கட்டும்.”

நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது எளிது. ஆனால் அந்தத் தப்பு யாருடையது என்று சொல்லாமல் நான் எழுதும் எந்த நல்ல வார்த்தையும் பொய்யாகிவிடும். ஆகவே இது ஒரு பக்கத்தைத் தாண்டும். அவரைத் தெரிந்த உங்களில் பலருக்குக் கம்ப்யூட்டர் விஷயங்கள் பழக்கமில்லை. முடிந்தவரை விளங்கும்படி எழுதுகிறேன்.

பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்து ஆட்களின் பட்டியலைத் தயாரிப்பது எங்கள் திட்டத்தின் வேலை. பழைய தோட்ட ஏடுகள், செக்ரோல் வருகைப் பதிவுகள், மருந்துச்சாலைக் கொப்பிகள், ஞானஸ்நானப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்த பெயர்களைத் தட்டச்சு செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இன்னார் இன்ன தோட்டத்தில் பிறந்தவர் என்று மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து, அலுவலர்கள் ஊர் ஊராக வந்து நடத்தும் நடமாடும் சேவையில் அவர்களுக்குப் பத்திரம் எழுதுவார்கள். பத்திரம் இருந்தால்தான் அடையாள அட்டை. அட்டை இல்லாத ஒருவருக்கு இந்த நாட்டில் என்னவெல்லாம் இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஏடு எழுதும் கிளாக்கர் வீட்டில் வளர்ந்தவள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி இருந்தது. சூசைநாதன் றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். உயர்தரம் வரை படித்துவிட்டு, இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலைக்கிருந்து, அங்கே கிடந்த பழைய இயந்திரங்களில் தானாகவே யுனிக்ஸ் கற்றவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். கடைசிவரை என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. எல்லாத் தோட்டங்களின் ஏடுகளையும் ஒழுங்குபடுத்த நான் ஒரே நிரலை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மிஸ், குருவிட்ட பக்கத்து ஏட்டுல அப்பன் பேரு முன்னால, புள்ள பேரு பின்னால. நம்ம பக்கம் தலகீழ். கேகாலையில சிங்களத்துல எழுதுன ஏடு இருக்கு, அதுல லெட்சுமி எல்லாம் லச்சமி. ஒரே சட்டைய எல்லாருக்கும் மாட்டப் பாத்தா எவனுக்கும் கை நொழையாது.”

“அப்ப எத்தனை எழுதணும்ங்கிறீங்க?”

“தோட்டத்துக்கு ஒண்ணு.”

“முப்பத்தெட்டா?”

“முப்பத்தெட்டு தோட்டம்னா முப்பத்தெட்டு கிளாக்கரு இருந்திருக்காங்கல்ல. கிளாக்கருக்கு ஒரு கிறுக்கு.” பிறகு, சிரிக்காமல், “நான் ஒங்க அப்பாவச் சொல்லல மிஸ்.”

முப்பத்தெட்டையும் அவரே எழுதினார். ஸ்கிரிப்ட் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு இடவேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு, அவ்வளவுதான். பெயர் .sh என்று முடியும். தோட்டத்துக்கு ஒரு போல்டர், அதற்குள் அந்தத் தோட்டத்தின் ஏடும் அதற்கான ஸ்கிரிப்டும். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் அந்தப் பழைய கிளாக்கரின் குணத்தை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தார். ‘இவருக்கு வயசு எழுதப் பிடிக்காது.’ ‘இவர் எல்லாப் பெண்களையும் மீனாட்சி என்று எழுதுவார்.’ இறந்துபோன அந்த மனிதர்களை அவர் அளவுக்கு நெருக்கமாகத் தெரிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஆனால் முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக, அதனதன் போல்டருக்குள் போய் ஓட்டிவிட்டு வர ஒரு முழுநாள் ஆனது. இடையில் மின்சாரம் நின்றால் எது ஓடியது, எது ஓடவில்லை என்று தெரியாது. அதற்காக அவர் ஆறே வரியில் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினார். அதன் பெயர் ‘பெரட்டு’.

காலையில் கொம்பு ஊதியதும் ஆட்கள் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்கிறோம். சூசைநாதனின் பெரட்டும் அதே வேலையைச் செய்தது. முதல் வரி, எங்கள் பெரிய போல்டருக்குக் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனைக்குள்ளும் புகுந்து .sh என்று முடியும் கோப்புகளையெல்லாம் தேடி எடுக்கும். அடுத்த வரிகள் அகப்பட்ட ஒவ்வொன்றையும் அது இருக்கும் இடத்திலேயே ஓடவிடும். ஒன்று முடியட்டும் என்று மற்றது காத்திருப்பதில்லை. கட்டளையின் வாலில் & என்று ஒரு குறி போட்டால் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க, அடுத்தது புறப்பட்டுவிடும். கடைசிக்கு முந்திய வரி ‘காத்திரு’. போனவை எல்லாம் திரும்பும்வரை அது நகராது. எல்லாம் வந்தபின் கடைசி வரி முப்பத்தெட்டு விடைகளையும் ஒரே பட்டியலாகச் சேர்க்கும்.

முழுநாள் வேலை பதினேழு நிமிடத்தில் முடிந்தது. பொறுப்பாளர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, “அப்போ சூசை மல்லி, நீதான் இனிக் கங்காணியா?” என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார். “இல்லை சேர், நான் கொம்பு ஊதுகிறவன் மட்டும்தான். மலையேறுவது அவை” என்று அவரும் சிங்களத்தில் சொன்னார்.

பெரட்டை அவர் ஒருபோதும் நேரே ஓட்டியதில்லை. முதலில் தேடும் வரியை மட்டும் ஓட்டி, அகப்பட்ட பெயர்களைத் திரையில் இறக்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக வாயால் வாசிப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். “இன்னும் முடியலையா சூசை?” என்பேன்.

“தேடுறது வேற, ஓட்டுறது வேற மிஸ். ஆளப் பாக்காமப் பெரட்டு எடுத்தா, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியும் கூடையத் தூக்கிட்டு மலையேறிருவான். அவன் பாட்டுக்கு இலையும் தண்டுமா பிச்சுப் போட்டுட்டு வருவான்.”

யாராவது சோதனைக்காக எழுதிவிட்டு மறந்த ஸ்கிரிப்ட் அந்த வரிசையில் நின்றால், அதற்கு விருந்தாளி என்றே பெயர் வைத்திருந்தார். விருந்தாளியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஓட்டுவார்.

இனி என்னுடைய ஸ்கிரிப்டைப் பற்றி. ஒரே ஆள் இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதற்காக நான் தொடக்கத்தில் ஒன்று எழுதியிருந்தேன். அதன் பெயரே ‘ஒன்று’. தகப்பன் பெயர் ஒன்றாக, குடியிருக்கும் அறையான லயக் காம்பிரா ஒன்றாக இருந்து, பெயரும் ஏறக்குறைய ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே என்று அது முடிவு செய்யும். ஒப்பிடுவதற்கு முன் பெயரின் தலையிலுள்ள ‘பெரிய’, ‘சின்ன’ என்பவற்றை நீக்கிவிடும். அவை வீட்டில் கூப்பிடும் அடைமொழிகள் என்று எடுத்துக்கொண்டேன். அதை வாசித்த அன்று சூசைநாதன் என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், சின்னங்கிறது பட்டப்பேரு இல்ல. அது பேரு. எங்க லயத்துல பெரியபொண்ணு, சின்னப்பொண்ணுன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு இருந்தாங்க. ஒரே அப்பன், ஒரே காம்பிரா. ஒங்க ஸ்கிரிப்டு ரெண்டையும் பொண்ணாக்கி, பொண்ண ஒண்ணாக்கிப்புடும்.”

அவர் சொன்னது சரி. வேலிக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. எடுத்துவிடுகிறேன் என்றேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. நன்றாக எழுதிய நிரல் அது. இறுதிப் பட்டியலுக்கு முந்திய நாள் என் இயந்திரத்திலிருந்து எடுத்து, ‘பழசு’ என்று ஒரு போல்டர் திறந்து அதற்குள் போட்டு வைத்தேன். அந்தப் போல்டரும் பெரிய போல்டருக்குக் கீழேதான் இருந்தது.

கச்சேரிக்கு இறுதிப் பட்டியல் கொடுக்கவேண்டிய நாள். ஒரு மணிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். பன்னிரண்டரை மணி. நான் பொறுப்பாளருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். சூசைநாதன் வழக்கம்போல் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

“மிஸ், பழசுல ஒரு விருந்தாளி நிக்குது. ‘ஒன்று’. ஒங்களோடது. அது ஓடணுமா?”

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “எல்லாம் சரிதான் சூசை, ஓட்டுங்க” என்றேன்.

“ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றீங்களா?”

“ஒரு மணிக்குக் கரண்ட் போயிரும்.”

“சரி மிஸ்.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பி ஓட்டியதாக நான் நினைக்கவில்லை. ‘மிஸ்’ என்று கூப்பிட்டுப் பழகிய ஒருவரால் இரண்டு முறைதான் கேட்க முடியும்.

எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டதால் நடந்தது இது. ‘ஒன்று’ புறப்பட்ட சில நிமிடங்களில் எந்தெந்தத் தோட்டங்களின் விடைகள் தயாராக இருந்தனவோ அவற்றை மட்டும் எடுத்துப் பெயர்களை ஒன்றாக்கிவிட்டு முடிந்துவிட்டது. பெரிய தோட்டங்களின் பட்டியல்கள் அப்போது இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. அவை தப்பின. றக்வானைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால் இருக்கிற ஐந்தாறு சின்னத் தோட்டங்கள் சீக்கிரமாக முடித்திருந்தன. அவைதான் அகப்பட்டன. அன்று மாலை சரிபார்ப்பதற்கு நாங்கள் எடுத்தது மூன்று பெரிய தோட்டங்களை. மூன்றும் சரியாக இருந்தன. பட்டியல் போனது.

இரண்டு மாதம் கழித்து றக்வானையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடமாடும் சேவை. நாங்கள் இருவரும் போயிருந்தோம். வரிசையில் முதலாவதாக நின்றவர் சின்னப்பொண்ணு, சூசைநாதன் சொன்ன அதே லயத்துச் சின்னப்பொண்ணு. மேசையிலிருந்த அலுவலர் பட்டியலைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சூசைநாதன் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

“என்னடா சொல்றாரு?”

“நீங்க செத்துட்டீங்களாம் அத்தை.”

“நானா? எப்ப?”

“ஏழு வருஷமாச்சாம்.”

“அப்ப நேத்து மலையில கொழுந்து எடுத்தது யாரு, ஒங்க ஆத்தாளா?”

வரிசை முழுவதும் சிரித்தது. ஏழு வருடத்துக்கு முன் இறந்தவர் அவருடைய அக்கா பெரியபொண்ணு. அடுத்து வந்தவர் ஒரு சின்னச்சாமி. அவருக்கு ஏற்கெனவே பத்திரம் கொடுத்தாயிற்று என்று பட்டியலில் இருந்தது. அது அவருடைய அண்ணன் பெரியசாமிக்குக் கொடுத்த பத்திரம். மத்தியானத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மொத்தம் முப்பத்து நான்கு பேர். நடமாடும் சேவை மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. அந்த வருடத்தோடு திட்டமும் முடிந்தது.

விசாரணை இருபது நிமிடம்கூட நடக்கவில்லை. “இதை ஓட்டியது யார்?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

“நான்தான் சேர்” என்றார் சூசைநாதன்.

கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் உண்மை. எழுதியது யார், ஓட்டச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அதே மேசையில், அவருக்கு எதிரே, ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பயத்தினால் பேசாமல் இருந்தேன் என்று சொல்லலாம். அதுகூட முழு உண்மை இல்லை. என்னிடம் கேள்வி வரவில்லையே என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது அன்று பின்னேரம் வரைதான் நீடித்தது. அதற்குள் அவரை வேலையிலிருந்து அனுப்பும் கடிதம் தயாராகிவிட்டது. தமிழ்ப் பிரதியும் வேண்டும் என்றார்கள். மொழிபெயர்த்தவள் நான். ‘கவனக்குறைவு’ என்ற சொல் நான் தேர்ந்தெடுத்தது.

அதன் பிறகு அவர் றக்வானை டவுனில் கைபேசி திருத்தும் கடை போட்டதும், பிறகு நடந்ததும் உங்களில் பலர் நேரில் கண்டது. நான் தூரத்திலிருந்து கேள்விப்பட்டது. பெரட்டு ஓடும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் எந்தப் பெயர் எப்படி மாறியது என்று ஒரு கோப்பில் குறித்து வைக்கும்படி அவர் செய்திருந்தார். அதிலிருந்து அந்த முப்பத்து நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எடுத்துக்கொண்டுதான் வேலையை விட்டுப் போனார். எல்லாரையும் ஒரே மனுவில் திருத்த முடியாது என்றார்கள். ஒவ்வொருவரும் நேரில் வரவேண்டும். கிராம அலுவலரின் கடிதம் வேண்டும். பட்டியலில் பிழை செய்தவர், அது தன் பிழைதான் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். கடையை மூடிவிட்டு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். சில சமயம் ஒரே ஆளோடு நான்கு முறை.

ஒருநாள் அந்தப் பஸ்ஸில் அவரைச் சந்தித்தேன். பெல்மதுளையில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் சின்னப்பொண்ணு, வளைவுகளில் வாந்தி வருமென்று கையில் ஒரு பையோடு.

“மிஸ், சின்னப்பொண்ணு அத்தைய ஞாபகம் இருக்கா? போன கெழம வரைக்கும் செத்துப் போயிருந்தாங்க.”

“ஆமா,” என்றார் சின்னப்பொண்ணு. “இவன்தான் தோண்டி எடுத்தான். இன்னும் கொஞ்சம் வெரசா தோண்டியிருந்தா, எம் பேத்தி கல்யாணத்துக்கு நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“ஒங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே அத்தை.”

“பெருவெரல் இருக்குல்லடா.”

சின்னப்பொண்ணு கண் அயர்ந்தபின் நான் சூசைநாதனிடம் கேட்டேன், “அந்தக் கடதாசியில என்னன்னு எழுதுறீங்க?”

“என் பெழையால ரெண்டு பேரு ஒண்ணாயிட்டாங்கன்னு.”

“அது ஒங்க பிழை இல்லையே.”

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கச்சேரிக்கு ஒரு பேரு போதும் மிஸ். ரெண்டு பேரு கொடுத்தா அங்கயும் ஒண்ணாச் சேத்துப்புடுவாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். பெல்மதுளை வந்தது. இறங்கிவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது, பேசுவதற்கு.

அடக்கம் முடிந்த அன்று ரீட்டா அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். “இது என்னான்னு எனக்கு வெளங்கல மிஸ். காய்ச்சலோட கெடக்கையிலயும் இன்னும் பதினோரு பேருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒங்களுக்குத் தெரியுமா இருக்கும்.”

தெரிந்தது. இருபத்து மூன்று பெயர்கள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. பதினொன்று அப்படியே இருந்தன.

அடுத்த கிழமை கச்சேரிக்குப் போனேன். ‘ஒன்று’ என்ற ஸ்கிரிப்டை எழுதியவள் நான், ஓட்டச் சொன்னவள் நான் என்று முழுவதையும் எழுதிய கடிதத்தோடு. மிச்சமுள்ள பதினொரு பேருக்கும் நானே சத்தியக் கடதாசி தருகிறேன் என்றேன். அங்கிருந்த சிங்களப் பெண் அலுவலர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். சூசைநாதனை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இறந்ததைக் கேட்டதும் எழுந்துபோய் அவருடைய கோப்புக் கட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பிறகு சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார்:

“மிஸ், அவர் இருபத்து மூன்று தடவை இது என் பிழை என்று சத்தியம் செய்திருக்கிறார். அவற்றை வைத்துத்தான் இருபத்து மூன்று பத்திரங்களும் எழுதினோம். இப்போது நீங்கள் உங்கள் பிழை என்கிறீர்கள். உங்களுடையதை நான் ஏற்றால் அவருடையவை பொய். அவை பொய்யென்றால் அந்த இருபத்து மூன்று கோப்புகளையும் மறுபடி திறக்க வேண்டும். அந்தப் பத்திரங்களைக் காட்டி அட்டை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு வைத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் நிற்கும்.”

“அப்படியானால் இந்தப் பதினொரு பேர்?”

“அவருடைய கையெழுத்து வேண்டும்.”

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். “கொண்டுபோங்கள். நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.” அவர் விதியை மீறி எனக்குக் காட்டிய தயவு அது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதை வாசிக்கும் நீங்கள் எல்லாரும் சூசைநாதனைத் தெரிந்தவர்கள். இந்தப் பக்கங்களைத் தயவுசெய்து கச்சேரிக்கோ வேறு அலுவலகங்களுக்கோ கொண்டுபோக வேண்டாம். அங்கே அது அவருடைய பிழையாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் செய்து முடித்ததும் இல்லாமல் போகும். ஒருமுறை கோழைத்தனத்தால் பேசாமல் இருந்தேன். இப்போது பேசாமல் இருப்பது நியாயத்துக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் வெளியே பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எனக்கும் பல நேரங்களில் வித்தியாசம் தெரிவதில்லை.

அவருடைய மகளுக்கு மட்டும் ஒன்று. உன் அப்பா தவறு செய்து வேலையை இழக்கவில்லை. அவர் பார்த்தார், என்னிடம் கேட்டார், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டார். நான் பார்க்கவில்லை. இதை நீ யாரிடமும் காட்டி நிரூபிக்க முடியாதபடி ஆகிவிட்டது. அதற்கும் காரணம் நான்தான்.

அந்தப் பதினொரு பேருக்கும் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. சிலருக்குக் கைபேசி இல்லை. பக்கத்துக் காம்பிராவுக்குக் கூப்பிட்டு வரச் சொல்லிப் பேசினேன். இனிச் சூசைநாதன் வரமாட்டார் என்பதைச் சொன்னேன். கச்சேரியில் சொன்னதையும் சொன்னேன். பெரும்பாலானவர்கள் ‘சரிங்க’ என்று வைத்துவிட்டார்கள். தாளில் கடைசியாக இருக்கும் சின்னக்கருப்பன் மட்டும் வைக்கவில்லை.

“சூசைத் தம்பி போனது தெரியுங்க. குழிக்கு மண்ணு போட்டவன் நான். எங்க பேரெல்லாம் ஒரு தாளுல எழுதி வச்சிருக்குமே, அது எங்க இருக்கு?”

“எங்கிட்ட இருக்கு.”

“ஒங்ககிட்ட இருந்து என்னங்க பண்றது?”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

“வச்சிருக்கேன்” என்றேன்.